வியாழனை வெள்ளியென்று எழுப்பியவள்

கவுஞ்சிக் கருப்பம்மாள் பழனிக் கடைவீதிப் பிச்சை முகம்மது ராவுத்தருக்கு எண்பத்து நாலு ரூபாய் கடன்பட்டாள். இரண்டு பொதிமாட்டுக்கு அறுபது ரூபாய், அவற்றோடு பள்ளத்தில் போன நாலு மூட்டை மலைப்பூண்டுக்கு இருபத்து நாலு. பத்திரம் கிடையாது, கைநாட்டு கிடையாது. யாரும் அவள் தலையில் கட்டவில்லை, அவளாகக் குனிந்து எடுத்து வைத்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்பிள்ளை அப்படி ஒரு பாரத்தை எடுத்தாள் என்றால் இன்றைக்கு நம்ப ஆள் இல்லை. நம்பாதவர்கள் கவுஞ்சி வரை நடந்து போய்க் கேட்டுக்கொள்ளலாம்; மேல்மலையில் பொய் சொல்லிப் பிழைத்தவர் எவரும் இல்லை.

அந்தக் காலத்தில் கவுஞ்சிப் பூண்டு பழனிச் சந்தைக்குப் போக ஒரே வழி மாட்டு முதுகுதான். ராவுத்தரின் பன்னிரண்டு மாடுகள், ஆளுக்கு இரண்டாக ஓட்ட ஆறு பேர். பாதி வழியில் வழுக்குப் பாறை என்று ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒரு மாடு நடக்கிற அகலம். அதை வெளிச்சத்தில்தான் தாண்ட வேண்டும். ஆனால் அங்கேயே பொழுது ஏறிவிட்டால் அன்றைக்கு அடிவாரத்துப் பாலசமுத்திரம் போய்ச் சேர முடியாது. மறுநாள் காலைச் சந்தை தவறிவிடும். அதனால் கிழக்கு மலைக்கு மேல் விடிவெள்ளி தெரிந்ததும் எழுந்து, பொதி ஏற்றிக் கிளம்பிவிடுவார்கள். நடந்து பாறையை எட்டும்போது கிழக்கு வெளுத்திருக்கும். கடிகாரம் பார்த்த துரைமார்கூட இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளி பார்த்து எழுப்புகிற வேலை கருப்பம்மாளுடையது. அவள் வீடு எல்லா வீட்டுக்கும் மேலே, கடைசிப் படிநிலத்து ஓரத்தில்; கிழக்கே மறைப்பு இல்லை. எழுப்புக்கூலி தலைக்குக் காலணா. பொதிக்காரர்களுக்குத் தலைவன் அவள் புருஷன் தங்கமுத்து. அவனும் மற்றவர்கள் மாதிரியே காலணாவை எடுத்து அவள் கையில் வைப்பான். "ஊட்டுக்காரிக்கு எதுக்குடா கூலி?" என்று மற்றவர்கள் சிரித்தால், "எழுப்புறப்ப அவ என் பொண்டாட்டி இல்லலே, வெள்ளிக்குத் தலையாரி," என்பான்.

பிலவங்க வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. ஆடியில் வெள்ளி நாளுக்கு நாள் தாழ்ந்து, விடிகிற வெளிச்சத்துக்குள் கரைந்துகொண்டே வந்தது. பிறகு இரண்டு மாதம் மலை முழுக்க மூட்டம். அதுவரை பொதி போகவில்லை. புரட்டாசியில், மாளய அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கையில், வானம் துடைத்து விட்டாற்போல் திறந்தது. கருப்பம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள். கிழக்கு மலைப் பிளவில், வெள்ளி வழக்கமாக வருகிற அதே இடத்தில், தகதகவென்று ஒன்று நின்றது. இத்தனை நாள் காணாமல் இருந்து கண்ட சந்தோஷம் அவளுக்கு. ஓடிப்போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "வெள்ளி வந்துருச்சு, வெரசா எந்திரிங்க!"

எழுந்தார்கள். கிளம்பினார்கள். வழுக்குப் பாறைக்கு வந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. கை நீட்டினால் கை தெரியாத இருட்டு. குளிரில் மாடுகள் நிற்கவில்லை, முன்னே இழுத்தன. முன்னால் போனவை தங்கமுத்துவின் மாடுகள். ஒரே கயிற்றில் பிணைத்தவை. ஒன்று வழுக்கியது, மற்றதையும் இழுத்துக்கொண்டு போனது. கயிற்றை விடாமல் பிடித்த தங்கமுத்துவும் கொஞ்ச தூரம் போனான். ஒரு மரத்தடியில் கால் முறிந்து கிடந்தவனை மற்றவர்கள் தூக்கினார்கள். அதற்கப்புறமும் விடிவதற்கு வெகுநேரம் இருந்தது.

செய்தி கேட்டு ராவுத்தர் மலையேறி வந்தார். நல்ல மனுஷர். தங்கமுத்துவின் காலைப் பார்த்தார், மரப்பட்டை வைத்துக் கட்டிய கட்டைப் பார்த்தார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வழிநடையில் மிருகத்தால், மழையால் வருகிற நட்டம் மாட்டுக்காரனைச் சேரும். ஆள் தப்பால் வந்தால் அந்த ஆளைச் சேரும். அதுதான் அங்கே முறை. அதனால் ராவுத்தரே வழி சொல்லிக் கொடுத்தார்.

"காட்டெருமை குறுக்க வந்து மிரட்டிருச்சுன்னு வச்சுக்குவோம். என் நட்டம் என்னோட போகட்டும்."

ஆறு பேரும் தலையாட்டினார்கள். கதவோரம் நின்ற கருப்பம்மாள் மட்டும் ஆட்டவில்லை.

"எந்த எருமையும் வரலைங்க, ராவுத்தரய்யா. நான் நேரங்கெட்ட நேரத்துல எழுப்பிவிட்டேன். என் கண்ணு பண்ணின தப்பு. நான் கட்டுறேன்."

"எதை வச்சுத் தாயி கட்டுவே?"

"ரெண்டு கை கெடக்கே."

அன்றோடு எழுப்புகிற வேலை, ராவுத்தர் பதிலுக்கு வாங்கிவிட்ட இரண்டு மாடுகளோடு, தங்கமுத்துவின் சித்தப்பா மகன் வேலப்பனுக்குப் போனது. யாரும் அவளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த நடைக்கு வேலப்பன் கதவு தட்டுகிற சத்தம் கேட்டு அவளாகத் தெரிந்துகொண்டாள். எண்பத்து நாலு ரூபாயைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. பணத்தை உழைத்துக் கட்டிவிடலாம். அவள் சொல்லைக் கேட்டு ஆறு பேர் மறுபடி எழுவார்களா? அதை எந்தக் கூலிக்குப் போய்ச் சம்பாதிப்பது?

படுத்துக் கிடந்த தங்கமுத்து சொன்னான்: "ஏ புள்ள, நீ எழுப்பினே, நான் எந்திரிச்சேன். எனக்கும் ரெண்டு கண்ணு இருந்துச்சுல்ல? தலைவன் நான்தானே, நான் அண்ணாந்து பாத்தனா?"

"நீங்க என்னை நம்பிப் பாக்காம இருந்தீங்க."

"ஆமா. இனியும் பாக்க மாட்டேன். போ, கஞ்சி கொதிக்குது."

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, மலை முகட்டில், சூரியனைப் பார்ப்பதற்கென்றே சர்க்கார் ஒரு பங்களா கட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் சூரிய பங்களா என்றார்கள். புல் அறுக்கவும் பாதை துப்புரவாக்கவும் ஆள் வேண்டும், நாளைக்கு இரண்டரை அணா என்று கேள்விப்பட்டு, தங்கமுத்து ஊன்றுகோல் பிடித்து நிற்கத் தொடங்கியதும் கருப்பம்மாள் போய்ச் சேர்ந்தாள். புல்லை மட்டும் அறுத்துக்கொண்டு கிடக்கிற ஆள் இல்லை அவள். வெள்ளி ஏன் தன்னை ஏமாற்றியது என்று கேட்க ஓர் இடம் வேண்டும். வானத்தைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிற இடம் அது.

அங்கே குமாரவேல் என்று ஒரு பியூன். கண்ணாடிகளைத் துடைக்கிறவன், அதனால் பாதி விஞ்ஞானி என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டவன். அவள் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமைச் சாயங்காலம், மழை விட்டு வெயில் அடித்தது. துரைமார் பெரிய தொலைநோக்குக் குழாய்களோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே குமாரவேல் ஒரு சின்னக் குழாயைச் சூரியனைப் பார்க்க நிறுத்தி, அடியில் வெள்ளை அட்டை பிடித்திருந்தான். அட்டையில் ஒரு சாண் அகலத்துக்குச் சூரியன் விழுந்திருந்தது. புல்கட்டை இறக்கிவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, கண்ணாடி தொடைக்கிற லட்சணம்? ஓரத்துல கசகசா மாதிரி ஒரு அழுக்கு கெடக்கு."

"அழுக்கு இல்லக்கா. அதான் புதன்."

"புதன் நேத்தே போயிருச்சே."

"கிழமை இல்லக்கா, கிரகம்! சூரியனுக்கும் நமக்கும் நடுவுல வந்து குறுக்க போகுது. பத்து வருஷத்துக்கு ஒருக்க பாத்தா அதிசயம். நல்லாப் பாத்துக்க, நகருது."

நகர்ந்தது. அவள் புல்கட்டின் மேல் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். கசகசா ஓரத்தை விட்டு உள்ளே உள்ளே போனது.

"அப்ப வெள்ளி?"

"வெள்ளியும் இப்படித்தான். புதன், வெள்ளி ரெண்டும் உள்சுத்து. அப்புறம் நம்ம பூமி. அதுக்கு வெளிய செவ்வாய், வியாழன், சனி. எல்லாம் சூரியனைத்தான் சுத்துது."

"பூமி சுத்துதா? அப்ப என் பாத்திப் பூண்டு எப்படி நட்ட எடத்துலயே நிக்குது?"

"பாத்தியும் சேந்துல்ல சுத்துது! நீயும் நானும் இந்தக் குழாயும் சேந்துதான்."

குமாரவேலுக்கு அதற்கு மேல் தெரியாது. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "பெரிய படிப்புக்கா இது, உனக்கு ஏறாது," என்று விட்டுவிட்டான். அவளோ குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது சாமைக் களம். நடுவே கம்பம். கம்பத்தில் வரிசையாகப் பிணைத்த மாடுகள் கதிரை மிதித்துச் சுற்றிச் சுற்றி வருகின்றன. கம்பத்தை ஒட்டிய மாடு சின்ன வட்டத்தில் வெரசாகச் சுற்றும். கடைசி மாட்டுக்கு நடை ஓயாது.

"தம்பி, களத்துப் பிணையல்தான இது?" என்றாள். "கம்பம் சூரியன். முதல் மாடு புதன், ரெண்டாவது வெள்ளி, மூணாவது நாம. என்ன, இந்த மாடுங்களுக்குக் கயிறு இல்ல, அததுக்குத் தனி வேகம்."

"ஆமா..." என்றான் அவன், கொஞ்சம் யோசித்து.

"மூணாவது மாட்டு மேல ஒக்காந்து பாத்தா, உள் மாடு ரெண்டும் எப்பவும் கம்பத்துப் பக்கமாத்தான் தெரியும். என் முதுகுப் பக்கம் வராது. வெளி மாடுதான் முதுகுக்குப் பின்னாலயும் வரும். அப்ப வெள்ளி சூரியனை விட்டு விலகி நடுச்சாமத்துல நிக்காது. நிக்கவே முடியாது!"

அவள் எழுந்து நின்றாள். "நான் பாத்தது வெளி மாடு தம்பி. வெள்ளி கம்பத்துக்கு அந்தண்டப் பக்கம் போயிருந்துச்சு. அது எடத்துல வந்து நின்னது வேற."

குமாரவேல் உள்ளே போய் ஒரு குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டு வந்தான். "ஆமாக்கா. வெள்ளி அப்ப சூரியனுக்குப் பின்னால இருந்துச்சாம். நீ பாத்தது வியாழன்." பிறகு, "உனக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தா?" என்றான்.

"ரெண்டு மாடு," என்றாள் கருப்பம்மாள்.

மூன்று வருஷம் அவள் அங்கே புல் அறுத்தாள். பகலில் கூலி, விடியலிலும் அந்தியிலும் வானம். எல்லோருக்கும் தலைக்கு மேல் இருக்கிற வானம்தான். அண்ணாந்து பார்க்கிறவர்தான் இல்லை. வெள்ளி அந்தியில் மேற்கே வந்ததும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட ஆரம்பித்தாள், எட்டு நாளைக்கு ஒன்று. அந்தியில் ஏறக்குறைய எட்டரை மாதம் இருந்தது. சூரியனுக்கு முன்புறம் வந்து ஒரு வாரம்போல மறைந்தது. பிறகு விடியலில் எட்டரை மாதம். பிறகு பின்புறம் போய் ஒன்றரை மாதத்துக்கு மேல் காணாமல் இருந்தது. பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவள் கயிற்றில் பிசகு இல்லை. இன்னொன்றும் கண்டாள்: விடிவெள்ளி நன்றாக ஒளிரும் நாளில், வெள்ளைத் துணியை விரித்துக் கையை நீட்டினால் மங்கலாக நிழல் விழும். வியாழன் எவ்வளவு மின்னினாலும் நிழல் விழாது.

மாதம் ஒரு முறை தங்கமுத்து கோலூன்றி, இரண்டு நாள் நடந்து அவளைப் பார்க்க வருவான். ஒரு சட்டியில் ஏதாவது சமைத்துக் கொண்டுவருவான். அது வாயில் வைக்க வழியில்லாமல் இருக்கும்.

"உப்பு போட்டீங்களா?"

"போட்ட மாதிரிதான் இருந்துச்சு."

"ரெண்டு தடவை போட்டிருக்கீங்க."

"நீ வந்து போடு." இதைத் தவிர, வீட்டுக்கு வா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுச் சேர்த்த காசை முடிந்து கொடுப்பாள். அது பொதிக்காரர் கை மாறிப் பழனிக்குப் போகும். ராவுத்தர் கையால் வாங்க மாட்டார். "கணக்குப்பிள்ளைகிட்ட வச்சிட்டுப் போ," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

வால் நட்சத்திரம் வந்துபோன வருஷத்து மார்கழியில் பாக்கி ஆறு ரூபாய்க்கு வந்தது. அதைத் தன் கையாலேயே கொடுப்பது என்று கருப்பம்மாள் கூலியை முடித்துக்கொண்டு கவுஞ்சிக்கு வந்தாள். மறுநாள் விடியலில் பொதி கிளம்புகிறது. கூடவே பழனி போக வேண்டும். அன்று அந்தியில் தங்கமுத்துவை மேட்டுக்குக் கூட்டிப்போய் மேற்கே காட்டினாள். சூரியன் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே, செம்மைக்குள் ஒரு வெண்பொட்டு. "வெள்ளி அந்திப் பக்கம் வந்துருச்சு," என்றாள்.

அமாவாசை இருட்டு. உறைபனி. வேலப்பன் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். கிழக்கு மலைக்கு மேல் அதே தகதகப்பு. அன்றைக்குப் புரட்டாசியில் வந்து ஏமாற்றிய வியாழன், இப்போது மார்கழியில் வந்து நிற்கிறான். ஓடினாள்.

"கொழுந்தனாரே, மாட்டை அவிழ்க்காதீங்க. அது வெள்ளி இல்ல."

வேலப்பன் பொதியை இறுக்கியபடியே சிரித்தான். "வாங்க மதினி. உங்க பேச்சைக் கேட்டு ரெண்டு மாடு பள்ளத்துக்குப் போச்சு. இன்னைக்கு மிச்சத்தையும் தொழுவத்துலயே நிறுத்திப்பிடலாம்ங்கிறீகளா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் தலைத்துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து மேலே கையை நீட்டினாள். "நிழல் விழுதா பாருங்க. வெள்ளின்னா விழும்."

"இந்தப் பனியில என் நிழலே என்கூட வராது மதினி."

"நேத்து அந்தியில மேற்கே வெள்ளியைப் பாத்தேன். அது எப்படி ஒரே ராத்திரியில கிழக்கே வரும்?"

"யாரு சாட்சி?"

"நான்," என்று இருட்டுக்குள்ளிருந்து தங்கமுத்துவின் குரல் வந்தது. கோலை ஊன்றி வந்து மாட்டுக்குக் குறுக்கே ஒரு விறகுக்கட்டையில் உட்கார்ந்துகொண்டான். "என் காலை ஒடிச்சவளே சொல்றா. கேட்டுக்கோலே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கருப்பம்மாள் சொன்னாள்: "அது பாதி வானம் ஏறுற மட்டும் பொறுங்க. வெள்ளியா இருந்தா அதுக்கு முந்திக் கிழக்கு வெளுத்துரும். வெளுத்துட்டா, நாளைக்குச் சந்தை தவறுற நட்டம் முழுக்க என்னைச் சேரும். ராவுத்தரய்யாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஆறு ரூபாய்க்கு வந்த கடனை அவள் மறுபடி ஐம்பதுக்கு ஏற்றப் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. வேலப்பன் கயிற்றைக் கீழே போட்டான். தீ மூட்டினார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. களத்து மாட்டை வைத்துப் போட்ட கணக்கு. தப்பாக இருந்தால்? கயிற்றில் ஒரு முடிச்சு விட்டிருந்தால்? கிழக்கே ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வெளுக்கிறாற்போலவே இருந்தது. தங்கமுத்து தன் கம்பளியில் பாதியை அவள் தோளில் இழுத்துவிட்டான். அவன் அண்ணாந்து பார்க்கவே இல்லை, தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருக்கப் பாருங்களேன்," என்றாள் மெதுவாக.

"அதான் நீ பாக்குறியே."

அந்த வெளிச்சம் ஒரு மர உயரம் ஏறியது. இரண்டு மர உயரம் ஏறியது. தீயில் மூன்று முறை விறகு போட்டாகிவிட்டது. பாதி வானத்துக்கு வந்து நின்றது. கிழக்கு மலை அப்பிய மையாகவே இருந்தது. ஒரு மாடு தும்மியது.

வேலப்பன் இன்னொரு விறகைத் தீயில் போட்டான்.

"மதினி. இந்நேரம் நாங்க வழுக்குப் பாறையில நின்னுருப்போம்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் அழுததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

கிழக்கு அப்போதும் வெளுக்கவில்லை. அவளே எழுந்து, "இப்ப மாட்டை அவிழுங்க, பாறைக்குப் போறப்ப சரியா வெளுத்திருக்கும்," என்றாள். ஆறு பேரும் எழுந்தார்கள். வேலப்பன் மடியிலிருந்து காசு எடுத்தான்.

"எழுப்புறதுக்குக் காலணான்னா, கிளம்பவிடாம நிறுத்தினதுக்கு அரையணா தரணும் மதினி. நாளையிலேர்ந்து நீங்களே தட்டுங்க. எனக்கு இந்தக் குளிர்ல சோலி வேண்டாம்."

பாறையை நல்ல வெளிச்சத்தில் தாண்டினார்கள். பள்ளத்தைப் பார்த்தபடி அவள் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு நடந்தாள். பாலசமுத்திரத்தில் தங்கி மறுநாள் பழனிக் கடைவீதிக்குப் போனபோது, ராவுத்தர் கடைவாசலில் மாடுகளை எண்ணினார். பன்னிரண்டும் வந்திருந்தன. நடந்ததை வேலப்பன்தான் சொன்னான், கொஞ்சம் கூட்டியே சொன்னான். ராவுத்தர் கேட்டு முடிக்கும்வரை தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கருப்பம்மாள் மடியை அவிழ்த்தாள்.

"கணக்குப்பிள்ளைகிட்ட..." என்று அவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இல்லைங்க ராவுத்தரய்யா. இதை நீங்க வாங்கணும்."

"நான் ஏன் வாங்கலைன்னு உனக்குத் தெரியுமா தாயி? மேல இருக்கிறவன் போட்ட வழியில அந்த வெளிச்சம் நின்னுச்சு. அதுக்கு உன்கிட்டக் கை நீட்ட எனக்குக் கூசுச்சு."

"அது அதோட வழியிலதான் நின்னுச்சு. தெரியாம எழுப்பினது நான். இப்பத் தெரியும். தெரிஞ்சவ குடுக்கிறேன், வாங்கிக்கங்க."

ராவுத்தர் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து வலது கையை விரித்து நீட்டினார். அவள் முதல் ரூபாயை உள்ளங்கையில் வைத்து, "ஒண்ணு," என்றாள்.

"கடையில நின்னு ஒண்ணுன்னு சொல்லக்கூடாது தாயி. லாபம்னு ஆரம்பி."

அவள் சிரித்துவிட்டாள். காசை எடுத்து மறுபடி வைத்தாள்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு."